ஆறாத கால் புண், எலும்பு மஜ்ஜை, புது ரத்தக் குழாய்: ஸ்டெம் செல் உண்மையில் என்ன செய்கிறது?

கால் விரல் கறுத்துப்போன ஒருவரைச் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரும் குடும்பத்தில் யாராவது ஒருவர் இப்போதெல்லாம் இதைக் கேட்டுவிடுகிறார்: “ஸ்டெம் செல் ஊசி போட்டா புதுசா ரத்தக் குழாய் முளைச்சிடுமாமே, விரலை எடுக்க வேணாமாமே?” கைபேசியில் பார்த்த விளம்பரம், தெரிந்தவர் சொன்னது, எங்கோ படித்தது என்று எல்லாம் கலந்து வருகிற கேள்வி அது.

கேள்வியில் பாதி சரி. பெரியவர்கள் உடலிலும் புது ரத்தக் குழாய் வளர்கிறது. அதில் ஸ்டெம் செல்களுக்கு, அதாவது தாமும் பெருகி வேறு வகை செல்களாகவும் மாறக்கூடிய மூல செல்களுக்கு, பங்கும் இருக்கிறது. தவறு எங்கே என்றால், அந்த செல்களே போய் ஒட்டிக் குழாயாக மாறிவிடும் என்ற நினைப்பில். குழாயைக் கட்டுவது பெரும்பாலும் அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் குழாயின் செல்கள்தான். எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் செல்கள் பக்கத்தில் நின்று வேலை வாங்குகின்றன. இந்த வேறுபாடு பிடிபட்டால், எந்த சிகிச்சை எதற்கு உதவும், எது வெறும் பேச்சு என்பதைப் படிப்பவரே ஓரளவு பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் குழாயைப் பற்றிக் கொஞ்சம். பெரிய தமனிக்கு மூன்று அடுக்குச் சுவர்: உள்ளே வழவழப்பான ஒற்றை வரிசை செல்கள், நடுவில் மென்தசை, வெளியே நார்ப்பகுதி. மிக நுண்ணிய குழாயான தந்துகியில் அந்த உள்வரிசை மட்டும்தான். இந்த உள்ளுறை செல்களுக்கு எண்டோதீலியல் செல்கள் என்று பெயர். அவற்றுக்கு அடியில் ஒரு மெல்லிய சவ்வு, வெளியிலிருந்து அங்கங்கே கட்டிப்பிடித்தபடி பெரிசைட் என்ற செல்கள். தந்துகியின் விட்டம் 5 முதல் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரான். பல இடங்களில் சிவப்பணு உடம்பை மடக்கிக்கொண்டுதான் நுழைகிறது. ரத்தத்திலிருந்து வெளியேறும் ஆக்சிஜன் திசுவுக்குள் 100 முதல் 200 மைக்ரான் தூரம்தான் போய்ச் சேரும். அதைத் தாண்டி இருக்கிற செல்லுக்குப் பட்டினிதான். ஆகவே உடலில் எங்கே புதிதாகத் திசு வளர்ந்தாலும், கூடவே குழாயும் வளர்ந்தாக வேண்டும். பெரியவர்களில் இது வழக்கமாக நடக்கும் இடங்கள் மிகக் குறைவு: மாதந்தோறும் கருப்பையின் உட்சுவர், கர்ப்பம், உழைக்கும் தசை, ஆறும் புண். மற்ற இடங்களில் உள்ளுறை செல்கள் பிரிந்து பெருகாமல் ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருக்கும்.

ஆறும் புண்ணில் என்ன நடக்கிறது?

காசிமேடு துறைமுகத்தில் ஐஸ் பெட்டியின் தகர விளிம்பு ஒருவர் பாதத்தைக் கிழித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சில நிமிடங்களில் ரத்தம் உறைகிறது. உறைகட்டிக்குள் சிக்கிய தட்டணுக்கள் தம்மிடமிருக்கும் வளர்ச்சிப் புரதங்களைக் கொட்டுகின்றன. முதல் நாளில் கிருமியைத் தின்னும் நியூட்ரோஃபில்கள் வந்து குவிகின்றன. இரண்டாவது, மூன்றாவது நாளில் மேக்ரோஃபேஜ்கள் வருகின்றன. இவை குப்பையை விழுங்குவதோடு நிற்பதில்லை. குழாய் வளரச் சொல்லும் புரதங்களையும் சுரக்கின்றன.

கிழிந்த இடத்தில் குழாய்கள் அறுந்துவிட்டதால் ஆக்சிஜன் குறைந்திருக்கும். ‘இங்கே ஆக்சிஜன் இல்லை’ என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? எல்லா செல்லும் ஹிஃப் என்ற புரதத்தை ஓயாமல் தயாரித்துக்கொண்டே இருக்கிறது; ஆக்சிஜன் இருக்கும்வரை சில நிமிடங்களிலேயே அதை அழித்தும் விடுகிறது. அழிக்கும் வேலைக்கே ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜன் குறைந்தால் ஹிஃப் அழியாமல் தங்கி, செல்லின் உட்கருவுக்குள் போய், குழாயை வளரச் சொல்லும் விஇஜிஎஃப் உள்ளிட்ட பல புரதங்களைத் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இந்த ஆக்சிஜன் உணர்வு முறையைக் கண்டறிந்ததற்காகத்தான் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா மூவருக்கும் 2019ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

விஇஜிஎஃப் பரவி, பக்கத்தில் உயிரோடு இருக்கும் சிறு குழாயைத் தொடுகிறது. அங்கே உள்ளுறை செல்களில் ஒன்று முந்திக்கொள்கிறது. நுனி செல் என்று அதற்குப் பெயர். முந்திக்கொண்ட செல், நாட்ச் என்ற சமிக்ஞை வழியாக அக்கம்பக்கத்து செல்களை ‘நீங்கள் நுனியாக வேண்டாம், பின்னால் வாருங்கள்’ என்று தடுக்கிறது. இந்தத் தடை இல்லாவிட்டால் எல்லா செல்லும் ஒரே சமயத்தில் கிளம்பி, ரத்தம் ஓடாத தாறுமாறான கிளைகள்தான் மிஞ்சும். நுனி செல் அடிச்சவ்வைக் கரைத்துக்கொண்டு விஇஜிஎஃப் அதிகமுள்ள திசையில் ஊர்கிறது. பின்னால் வருபவை பிரிந்து பிரிந்து தண்டை நீட்டுகின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து இப்படியே வரும் இன்னொரு நுனியோடு இணைய மேக்ரோஃபேஜ்கள் துணை செய்கின்றன. உள்ளே துளை திறந்து ரத்தம் ஓட ஆரம்பித்ததும், உள்ளுறை செல்கள் பிடிஜிஎஃப்-பி என்ற புரதத்தை விட்டுப் பெரிசைட்டுகளை வரவழைக்கின்றன. பெரிசைட் வந்து பிடித்துக்கொண்ட குழாய் நிலைக்கிறது. பிடிக்காதது கசியும், நாளடைவில் மறைந்துவிடும்.

காயம்பட்டு நான்கைந்து நாளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புண்ணின் தரை சிறுசிறு மணிகளாகச் செக்கச் சிவந்து, பஞ்சு பட்டாலே ரத்தம் கசியும். அந்தச் சிவப்பு முழுக்கப் புதுத் தந்துகிகள். கட்டு மாற்றும் நர்ஸ் “சிவப்பா வந்திருக்கு, நல்லா ஆறும்” என்று சொல்வது இதைப் பார்த்துத்தான். வெளிறிய தரையோ, மஞ்சள் படலமோ, கறுப்பு ஓரமோ தெரிந்தால் குழாய் வரவில்லை, அல்லது வந்தது செத்துவிட்டது. சுத்தம் செய்வதாக நினைத்து இந்தச் சிவப்புத் தரையில் தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி நுரைக்கவிடுவது பலர் செய்யும் காரியம். அது கிருமியை மட்டும் கொல்வதில்லை. நேற்று முளைத்த செல்களையும் சேர்த்தே கொல்லும். கழுவுவதற்கு உப்புநீர் போதும்.

மேலே சொன்னதில் இதுவரை ஸ்டெம் செல் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இனிதான் வருகிறது.

மஜ்ஜையிலிருந்து வருபவை

பெரியவர்களில் செயல்படும் மஜ்ஜை பெரும்பாலும் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்புகளில் இருக்கிறது. ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்களின் வீடு அது. எஸ்டிஎஃப்-1 என்ற புரதம் அவற்றை அங்கேயே தங்கவைத்திருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த திசுவும் அதே எஸ்டிஎஃப்-1ஐச் சுரக்கும்; இதற்கும் ஹிஃப்தான் காரணம். ரத்தத்தில் விஇஜிஎஃப் ஏறியதும் மஜ்ஜைக்குள் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகி, செல்களைக் கட்டிவைத்திருக்கும் பிடி தளர்கிறது. விடுபட்டவை ரத்தத்தில் மிதந்து, எஸ்டிஎஃப்-1 அதிகமுள்ள இடத்தில் இறங்குகின்றன.

1997ல் தகாயுகி அசஹாராவும் ஜெஃப்ரி இஸ்னரும் இருந்த பாஸ்டன் குழு ஒரு முடிவை வெளியிட்டது. பெரியவர்களின் ரத்தத்திலிருந்து சிடி34 என்ற அடையாளம் உள்ள செல்களைப் பிரித்து வளர்த்தபோது அவை உள்ளுறை செல்களின் குணங்களைக் காட்டின. விலங்குகளுக்குச் செலுத்தியபோது ரத்த ஓட்டம் குறைந்த காலின் குழாய்களில் போய்ச் சேர்ந்தன. அதுவரை, குழாயை முதலிலிருந்தே புதிதாகக் கட்டும் வேலை கருவிலேயே முடிந்துவிடும் என்றுதான் பாடநூல்கள் சொல்லிவந்தன. அந்த ஒரே கட்டுரை ஒரு துறையையே கிளப்பிவிட்டது.

பிறகு சிக்கல் வந்தது, அதுவும் சோதனைத் தட்டிலேயே. சில பத்து மில்லி ரத்தம் எடுத்து, சுழற்றி, ஒற்றைக்கரு வெள்ளணுக்களை மட்டும் பிரித்து, ஃபைப்ரோனெக்டின் என்ற புரதம் பூசிய தட்டில் விஇஜிஎஃப் கலந்த திரவத்தில் வளர்க்கிறோம். 4 முதல் 7 நாளில் நீண்ட ஒல்லி செல்கள் ஒட்டிக்கொள்கின்றன. சாயம் போட்டால் ‘உள்ளுறை செல்’ என்றே காட்டும். ஆனால் இவை அதிகம் பிரிவதில்லை. சில வாரங்களில் மடிந்துவிடும். கூர்ந்து பார்த்தால் சிடி14, சிடி45 என்ற வெள்ளணு அடையாளங்கள் அப்படியே இருக்கின்றன. ஆள் யாரென்றால் மோனோசைட், அதாவது மேக்ரோஃபேஜின் முன்னோடி. போட்ட சாயத்தை மோனோசைட்டும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் வந்த குழப்பம். தட்டில் கலந்திருந்த தட்டணுத் துணுக்குகள் மோனோசைட்டின் மேல் ஒட்டி, உள்ளுறை செல்லின் அடையாளத்தை இரவல் கொடுத்ததும் பின்னால் தெரியவந்தது.

அதே ரத்தத்தைக் கொலாஜன் பூசிய தட்டில் இரண்டு மூன்று வாரம் பொறுமையாக வளர்த்தால் வேறொரு வகை எட்டிப்பார்க்கும். ஒன்றையொன்று நெருக்கி ஒட்டிய தட்டை செல்களின் சிறு திட்டு. இவற்றில் சிடி45 இல்லை, வேகமாகப் பெருகும், எலியின் தோலுக்கடியில் ஜெல்லோடு வைத்தால் ரத்தம் ஓடும் உண்மையான குழாயையே கட்டும். உள்ளுறைத் திட்டு உருவாக்கும் செல்கள் என்று இவற்றை அழைக்கிறார்கள். குழாயாகவே மாறும் திறன் உண்மையில் இவற்றுக்குத்தான். ஆனால் பெரியவர்களின் ரத்தத்தில் இவை மிக மிக அரிது, ஒரு மில்லியில் ஒன்றுகூடத் தேறாது. தொப்புள்கொடி ரத்தத்தில் அதைவிட நிறைய. (இதைக் காட்டி, பிரசவத்துக்குக் காத்திருக்கும் குடும்பங்களிடம் தொப்புள்கொடி ரத்தத்தைக் காசு கொடுத்துத் தனியாரிடம் சேமிக்கச் சொல்லி விற்பவர்கள் உண்டு. பிற்காலத்தில் சொந்த உபயோகத்துக்கு என்று இப்படிச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் பரிந்துரைக்கவில்லை.)

சரி, அந்த அரிய செல்களாவது மஜ்ஜையிலிருந்து வருகின்றனவா? இதைச் சோதிக்க இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. ஆணிடமிருந்து மஜ்ஜை பெற்ற பெண்ணின் ரத்த அணுக்களில் ஆண்களுக்கே உரிய ஒய் குரோமோசோம் இருக்கும். அவரது ரத்தத்திலிருந்து இந்த உள்ளுறைத் திட்டுகளை வளர்த்துப் பார்த்தார்கள். திட்டுகளில் ஒய் இல்லை. அவை அந்தப் பெண்ணின் சொந்த செல்கள். அதாவது, மனிதர்களில் இந்தச் செல்களின் ஊற்று மஜ்ஜை அல்ல, பெரும்பாலும் குழாய்ச் சுவரே என்ற பக்கம்தான் சான்றுகள் சாய்கின்றன.

அப்படியானால் மஜ்ஜைக்கு வேலையே இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. மஜ்ஜையிலிருந்து வரும் மோனோசைட்டுகளும் சிடி34 செல்களும் புண் இருக்கும் இடத்தில் தங்கி விஇஜிஎஃப் முதலான புரதங்களைச் சுரக்கின்றன; அடிச்சவ்வைக் கரைக்கும் நொதிகளைத் தருகின்றன; நுனிகளை இணைக்க உதவுகின்றன. இவற்றைத் தடுத்துவிட்டால் சோதனை விலங்குகளில் குழாய் வளர்ச்சி தெளிவாகக் குறைகிறது. மஜ்ஜையிலும் கொழுப்பிலும் கிடைக்கும் மீசென்கைமல் செல்கள் என்ற இன்னொரு வகை ஸ்டெம் செல்களும் இப்படித்தான். இவை பெரிசைட்டுகளுக்கு நெருங்கிய உறவு. சுரக்கும் புரதங்களாலும், வெளியே விடும் நுண்ணிய பைகளாலும் வேலை செய்கின்றன. ஊசியில் செலுத்திய மீசென்கைமல் செல்களில் பெரும்பாலானவை சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் காணாமல் போய்விடும். கை நரம்பில் டிரிப்ஸாக ஏற்றினால் முக்கால்வாசி நுரையீரல் தந்துகிகளிலேயே சிக்கிக்கொள்ளும். காலுக்குப் போய்ச்சேர்வது சொற்பம். “டிரிப்ஸ் மாதிரி ஏத்துவோம், தானா போய் அடைப்பைச் சரிபண்ணிக்கும்” என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே சந்தேகப்படலாம்.

சிறு குழாய் வேறு, பெரிய குழாய் வேறு

விளம்பரங்கள் வேண்டுமென்றே மழுப்பும் இடம் இது. தொடையிலோ முழங்காலுக்குப் பின்னாலோ பெரிய தமனி அடைபட்டவருக்குப் பாதத்தில் ஆயிரம் தந்துகி முளைத்தாலும், அவற்றுக்குள் ஓட ரத்தம் எங்கிருந்து வரும்? மெட்ரோ வாட்டர் மெயின் லைன் மூலக்கொத்தளத்தில் அடைத்துக்கிடக்கும்போது தெருவில் வீட்டுக்கு வீடு புதுக் குழாய் போட்டுக்கொடுப்பது மாதிரிதான்.

கணக்கு இன்னும் கடுமையானது. அழுத்தமும் நீளமும் மாறாமல் இருந்தால், குழாயில் ஓடும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, 16ல் ஒரு பங்காகிறது. 6 மி.மீ. விட்டமுள்ள ஒரு தமனிக்கு ஈடாக அரை மி.மீ. குழாய்கள் எத்தனை வேண்டும் என்று பார்த்தால் 12 x 12 x 12 x 12, அதாவது 20,736.

அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகும் மாற்றுவழி உடலில் ஏற்கெனவே உண்டு. பெரிய கிளைகளுக்கு இடையே பிறவியிலிருந்தே மெல்லிய இணைப்புக் குழாய்கள் இருக்கின்றன. மெயின் அடைந்ததும் இரு முனைக்கும் அழுத்த வித்தியாசம் கூடி, அவற்றில் ரத்தம் வேகமாகப் பாய்கிறது. அந்த உராய்வை உள்ளுறை செல்கள் உணர்ந்து மோனோசைட்டுகளைக் கூப்பிடுகின்றன; சுவர் பிரித்துக் கட்டப்பட்டு, மென்தசை பெருகி, வாரக்கணக்கில் குழாய் பருக்கிறது. இதைத் தூண்டுவது ஆக்சிஜன் பற்றாக்குறை அல்ல, ஓட்டத்தின் உராய்வு. நடந்தால் இந்த உராய்வு கூடும் என்பதைக் கீழே சொல்லப்போவதற்காக நினைவில் வையுங்கள்.

சர்க்கரையும் பீடியும் எங்கே கைவைக்கின்றன?

நீண்டகாலச் சர்க்கரை நோய் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாக அரிக்கிறது. சர்க்கரை அதிகமுள்ள செல்லில், ஆக்சிஜன் குறைந்தாலும் ஹிஃப் சரியாக வேலை செய்வதில்லை, விஇஜிஎஃப் குறைகிறது. புண்ணில் எஸ்டிஎஃப்-1 குறைவாகச் சுரக்கிறது. மஜ்ஜைக்குள் இருக்கும் நுண்குழாய்களும் நரம்புகளும் கெட்டுப்போவதால் ஸ்டெம் செல்கள் வெளியே வரத் திணறுகின்றன. தப்பி வந்தவையும் மந்தமாக இருக்கின்றன. மேக்ரோஃபேஜ்கள் அழற்சி நிலையிலேயே மாட்டிக்கொண்டு, கட்டும் வேலைக்கு மாறுவதில்லை. இது போதாதென்று பாதத்தில் உணர்வு இருக்காது. ஆணி குத்தியது ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் செருப்பில்லாமல் மணலிலும் ஈரத்திலும் வேலை செய்பவர்களுக்கு இதன் விலை கூடுதல்.

விநோதம் என்னவென்றால், அதே ஆளின் கண்ணில் நேர்மாறாக நடக்கும். விழித்திரையின் பழைய தந்துகிகள் அடைபட்டு, ஆக்சிஜன் குறைந்து, விஇஜிஎஃப் அளவுக்கு மீறி, பெரிசைட் பிடிமானமில்லாத கசியும் குழாய்கள் மண்டிப் பார்வையைக் கெடுக்கும். அதற்கு விஇஜிஎஃப்பைத் தடுக்கும் ஊசியைக் கண்ணுக்குள்ளேயே போடுகிறார்கள். காலில் குழாய் போதவில்லை, கண்ணில் வேண்டாத குழாய். ‘குழாயை வளர்க்கும் ஊசி’ என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம். புற்றுநோய்க் கட்டியும் இதே விஇஜிஎஃப்பைச் சுரந்துதான் தனக்குக் குழாய் வரவழைத்துக்கொள்கிறது. ஆகவே இப்படிப்பட்ட சிகிச்சைக்கு முன்பு கண் பரிசோதனையும், புற்றுநோய் இருந்ததா என்ற விசாரிப்பும் இல்லாமல் ஒருவர் ஊசியை எடுத்தால், எழுந்து வந்துவிடுவது நல்லது. 2017ல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காசு வாங்கிக்கொண்டு கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை இரு கண்ணிலும் செலுத்தியதால் மூன்று பெண்கள் பார்வையைக் கடுமையாக இழந்ததைப் பதிவு செய்தது.

புகையிலை விஷயத்தில் ஆய்வுகள் அபூர்வமாக ஒரே குரலில் பேசுகின்றன. புகைப்பவர்களின் ரத்தத்தில் சிடி34 போன்ற, குழாய் வளர்ச்சிக்குத் துணை நிற்கும் முன்னோடி செல்கள் குறைவு. விட்ட சில வாரங்களிலேயே எண்ணிக்கை ஏறுகிறது. திரும்பத் தொடங்கினால் இறங்கிவிடுகிறது. பர்ஜர் நோய் என்று ஒன்று உண்டு. கொழுப்பு அடைப்பே இல்லாமல், 45 வயதுக்குள் இருக்கும் ஆண்களின் கை, கால் விரல்களின் சிறு தமனிகள் அழற்சியில் மூடிக்கொள்ளும். பீடி குடிக்கும் கூலித் தொழிலாளிகளிடம் அதிகம் காணப்படுவது. இதில் புகையிலையை அடியோடு விடுவதுதான் நோயை நிறுத்தும் ஒரே வழி. ‘நாலுல ஒண்ணாக் குறைச்சிட்டேன்’ என்பது பலிக்காது. மாவாவும் குட்காவும் கணக்கில் சேரும். விடுவதற்கு உதவும் நிகோடின் ஒட்டுப்பட்டையையும் இந்த நோயில் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று நம் கையில் மட்டும் இல்லாதது. நுண்தூசி அதிகமான காற்றைச் சுவாசிக்கும் நாட்களில் ஆரோக்கியமான இளைஞர்களுக்கே ரத்தத்தில் இந்த செல்கள் குறைவதை அமெரிக்காவின் யூட்டாவில் நடந்த ஓர் ஆய்வு 2010ல் காட்டியது. மணலி, எண்ணூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையிருக்காது.

ஊசி எந்த அளவுக்கு உதவுகிறது?

2002ல் ஜப்பானியக் குழு ஒன்று, கால் ரத்த ஓட்டம் மோசமாகக் குறைந்தவர்களின் இடுப்பெலும்பிலிருந்து மயக்க மருந்து கொடுத்து சுமார் 500 மில்லி மஜ்ஜை எடுத்து, அதிலிருந்து பிரித்த செல்களைக் கெண்டைக்கால் தசையில் சுமார் 40 இடங்களில் ஊசியாகப் போட்டது. வலி குறைந்தது, நடக்கும் நேரம் கூடியது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2015ல் நெதர்லாந்தில் 160 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மஜ்ஜை செல்களையும் மறு பாதிக்குப் போலி மருந்தையும் தொடைத் தமனி வழியாக மூன்று முறை செலுத்திய ஆய்வு வெளியானது. காலை வெட்டி எடுக்க நேர்ந்தவர்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. வலியும் வாழ்க்கைத் தரமும் இரு தரப்பிலும் ஒரே அளவு மேம்பட்டன. போலி மருந்து பெற்றவர்களுக்கும் மேம்பட்டது என்பதுதான் இதில் பாடம். ஒப்பிட ஆளில்லாத ஆய்வில் ‘90 சதவீதம் பேருக்குக் குணம்’ என்று சொன்னால் அதற்கு மதிப்பில்லை.

இந்தியாவில் இந்த வகையில் முறையான ஒப்புதல் பெற்றது பெங்களூரில் தயாராகும் ஸ்டெம்பியூசெல். பல கொடையாளர்களின் மஜ்ஜையிலிருந்து வளர்த்த மீசென்கைமல் செல்கள் அதில் இருக்கின்றன. பர்ஜர் நோயால் கால் ஆபத்தில் இருப்பவர்களுக்கு 2016ல் வரையறுக்கப்பட்ட ஒப்புதலும், கொழுப்பு அடைப்பால் அதே நிலைக்கு வந்தவர்களுக்கும் சேர்த்து 2020ல் ஒப்புதலும் கிடைத்தன. அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் செல்கள். 60 கிலோ ஆளுக்கு 12 கோடி. கெண்டைக்கால் தசையிலும் புண்ணைச் சுற்றியும் போடுகிறார்கள். பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ திறக்க வழியுள்ள அடைப்புக்கு இது மாற்று அல்ல. அந்த வழி இல்லாதவர்களுக்கு வலியைக் குறைத்துப் புண்ணை ஆற்றப் பார்க்கும் துணை.

ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது: ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற நிறுவப்பட்ட சிகிச்சைகளும் ஒப்புதல் பெற்ற மருந்துகளும் தவிர, மற்ற ஸ்டெம் செல் உபயோகம் எல்லாம் பதிவு செய்த ஆய்வுக்குள் மட்டும்தான். ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆகவே கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: எந்த செல், யாருடையது, எங்கே செலுத்தப்போகிறீர்கள், மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் ஒப்புதல் எங்கே, ஆய்வு என்றால் மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு எண் என்ன? சிடிஆர்ஐ தளத்தில் அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எண் கேட்டதும் முகம் மாறினால் விடை கிடைத்துவிட்டது.

செலவில்லாமல் கிடைப்பவை

எந்த சிகிச்சைக்கும் முன்னால் ரத்தம் காலுக்கு எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுக்கும் எளிய சோதனை போதும். 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு, 0.4க்குக் கீழே மிக மோசம். சர்க்கரை நோயாளிகளுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டால், அழுத்தம் பார்க்கக் கட்டும் பட்டை அதை நசுக்க முடியாமல் 1.4க்கு மேல் காட்டும்; ‘நார்மலுக்கு மேலயே இருக்கு’ என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அப்படி வந்தால் கால் பெருவிரலின் அழுத்தத்தை அளக்கச் சொல்ல வேண்டும். அது பாதரச அளவில் 30 மி.மீ.க்குக் கீழே என்றால், ரத்த ஓட்டத்தைத் திறக்காமல் புண் ஆறுவது கடினம்.

நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு நடையே மருந்து. வலி நடுத்தரமாக வரும்வரை நடக்க வேண்டும், வலி அடங்கும்வரை நிற்க வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரத்துக்குக் குறைந்தது 3 நாள், குறைந்தது 12 வாரம். வலிக்கு முன்பே நிறுத்திக்கொண்டால் பலன் குறையும். பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா மாதிரி நடுநடுவே உட்கார இடமுள்ள பாதை வசதி. நடக்கும்போது இணைப்புக் குழாய்களில் உராய்வு கூடுகிறது, தசையில் விஇஜிஎஃப் ஏறுகிறது, மஜ்ஜையிலிருந்து முன்னோடி செல்கள் வெளியேறுகின்றன. ஊசியால் செய்யப் பார்ப்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். கொழுப்புக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் மஜ்ஜையை இதே வழியில் தூண்டுவதாகத் தெரிகிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறதே என்று டாக்டரைப் பார்ப்பதை நிறுத்திவிடாமல், ஸ்டாட்டின் தமக்குத் தேவையா என்றும் கேட்டு வைப்பது நல்லது. பாதத்தில் திறந்த புண் இருப்பவர்களுக்கும், படுத்திருக்கும்போதே கால் வலிப்பவர்களுக்கும் இந்த நடைப்பயிற்சி கிடையாது. அவர்கள் முதலில் ரத்தநாள மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, கடுமையாக வலித்து, மரத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் அது வேறு கதை. உறைகட்டி வந்து பெரிய தமனியை ஒரே அடியில் அடைத்திருக்கிறது. தசை தாங்குவது சுமார் 6 மணி நேரம். அதற்குள் எந்தக் குழாயும் வளராது, எந்த செல்லும் வந்து காப்பாற்றாது. கட்டியை எடுக்கவோ கரைக்கவோ வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது, தேய்த்துவிடக் கூடாது, சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்கக் கூடாது. வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு 108ஐ அழைத்து, ஸ்டான்லியோ சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே அவசரப் பிரிவுக்கு நேராகப் போக வேண்டும்.